கூரைக்கு ஒரு வீடு

என் பாசமுள்ள அண்ணனுக்கு,

நீ போன பிறகு கலஹாவில் மறுபடியும் நிலம் லேசாக ஆடியது. பாத்திரம் குலுங்கியது, அவ்வளவுதான். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்துச் சுவரில் இருந்த வெடிப்பு மேலே ஏறிவிட்டது. அம்மா இன்னும் அந்தச் சுவரோரம்தான் படுக்கிறாள். "ஏம் புள்ள கணக்குப் போட்டிருக்கான், மொதல்ல நம்ம செவத்தத்தான் சரிசெஞ்சு குடுப்பாங்க" என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நானும் அப்படித்தான் நம்பினேன். நிலம் ஆடினால் எந்த வகைக் கட்டடம் எவ்வளவு சேதமாகும், எத்தனை குடும்பம் அகப்படும் என்று கண்டிப் பக்கம் முழுவதற்கும் மதிப்பிடும் வேலை உன்னுடையது. எல்லா வீட்டையும் பார்க்க வேண்டியதில்லை, வகைக்குச் சிலதைப் பார்த்து மற்றதைக் கணிக்கலாம் என்று விளக்கினாயே. "லயத்தையும் பாத்தியாண்ணே?" என்று கேட்டேன். "நம்ம லயத்துக்குத்தான் வரல. மத்த லயமெல்லாம் வாசல் வாசலா ஏறி எறங்கினேன், புள்ள" என்றாய்.

போன வாரம் ஊர் மண்டபத்தில் உன் வரைபடத்தை மாட்டினார்கள். ஆபத்துக் கூடிய இடம் சிவப்பு. அங்கேதான் முதலில் சுவர்களைப் பலப்படுத்தப் போகிறார்களாம். டவுன் சிவந்து கிடந்தது. நம் தோட்டம் வெளிறிப்போய் இருந்தது.

உன்னோடு வேலை செய்த கலகெதர ஊர்ப் பெண் ரிஸ்னாதான் காரணம் சொன்னாள். டவுனில் வீடு வீடாகப் போனீர்களாம். தோட்டத்தில் மட்டும், வானத்திலிருந்து எடுத்த படத்தில் கூரைகளை எண்ணி, கூரைக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு குடும்பம் என்று நீ போட்டாயாம். ஒரே தகரத்தின் கீழ் பத்துக் குடும்பம் இருக்கும் லயம் உன் கணக்கில் ஒரு குடும்பம்!

நான் உன் தங்கச்சி என்று அவளுக்குத் தெரியாது, தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் என்றுதான் தெரியும். "சாரக் குத்தம் சொல்லாதீங்க டீச்சர்" என்றாள். "அவர் டவுன்லயே பொறந்து வளந்தவர்தானே, லயத்தப் பத்தி எப்படித் தெரியும்?"

லயத்தைப் பற்றி உனக்கா தெரியாது? பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் நாம் தும்மவில்லையா? எந்த லயத்துக்குப் போனாலும் யாராவது உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், கூட வந்தவர்களுக்குத் தெரிந்துவிடும் என்றா போகாமலிருந்தாய்? டவுன்காரன் என்று சொல்லிக்கொண்டதை மன்னித்துவிடலாம். அம்மா அந்தச் சுவரோரம் படுப்பது தெரிந்தும் என்னிடம் பொய் சொன்னாயே, அதை எப்படி மன்னிப்பது? இது துரோகம், அண்ணே. எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

உன் அலுவலகத்தாரோடு சண்டை போட்டு, கணக்கைத் திருத்தச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ரிஸ்னா வருகிறாள். வாசல் வாசலாக நானே கூட்டிப்போவேன். நம் வாசலில் நிறுத்தி, "உங்க சாரப் பெத்தவங்க இவங்கதான்" என்று அம்மாவைக் காட்டுவேன். ரிஸ்னாவுக்கு எல்லாம் விளங்கிவிடும். அம்மா பெருமையோடு சிரிப்பாள். ஏன் காட்டினேன் என்று மட்டும் அம்மாவுக்குக் கடைசிவரை தெரியவிடமாட்டேன். அது ஒன்றுதான் இனி உனக்காக என்னால் செய்ய முடிந்தது.

நீ எண்ணாமல் விட்ட வீட்டிலிருந்து,
உன் தங்கச்சி சாந்தி