மஞ்சள் பூ மாத்திரை

மார்ச் 4
மாதப் பரிசோதனை. அண்ணன் கொடுத்த சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதாம். நான்தான் செய்யவில்லை. நான் வேலை பார்க்கும் தொலைபேசி விசாரணைப் பிரிவில் மேலாளர் இன்றும் குறைப்பட்டுக்கொண்டார், "உங்க குரல்ல உயிரே இல்லம்மா." செத்துப் பிழைத்தவளிடம் பேசுகிற பேச்சா? கோபம்கூட வரவில்லை.

மார்ச் 9
அண்ணி ஒரு டப்பா மாத்திரை கொண்டுவந்தாள். ஏதோ மஞ்சள் பூவில் செய்ததாம், மனச்சோர்வுக்கு நல்லதாம்.
"வெறும் மூலிகைதான். இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட கேக்கணுமா? உங்கண்ணன்கிட்டயும் சொல்லல. நீ பழையபடி வாயடிச்சா அவருக்கே தெரிஞ்சிடும்."

மார்ச் 30
பாத்திரம் கழுவும்போது பாடிக்கொண்டிருந்தேன். நானா?

ஏப்ரல் 15
கால் வீங்கியிருக்கிறது. ரத்தம் எடுத்தார்கள். "வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். பொய் என்று தோன்றவேயில்லை. பூவை யார் மருந்து என்பார்கள்?

ஏப்ரல் 18
ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். என் பையில் இருந்த டப்பாவை நர்ஸ் பார்த்துவிட்டாள். டாக்டர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமலிருக்கத் தினமும் நான் போடும் மருந்து இருக்கிறதே, அதை ரத்தத்தில் தங்கவிடாமல் இந்தப் பூ கரைத்து வெளியேற்றிவிடுமாம்.
"யார் குடுத்தது?" வாசலில் நின்ற அண்ணன் கேட்டான்.
"நானேதான் கடையில வாங்கினேன்."
அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏப்ரல் 20
பூ மாத்திரையை நிறுத்தியாயிற்று. எழுத ஒன்றும் இல்லை.

மே 11
சிறுநீரகம் போய்விட்டது. அண்ணன் விலாவில் தழும்பு இருக்கிறது — அதற்கு என்ன பதில் சொல்வேன்? எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. மறுபடி கல்லாகிவிட்டேனா?
"விடு," என்றான் அண்ணன். அவ்வளவுதான்.
அவன் வண்டி எடுக்கப் போனதும் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க வாயத் தொறக்காதீங்க. போனது கிட்னியோட போகட்டும்."

மே 26
டயாலிசிஸ். அண்ணன் மட்டும் வந்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் சோறு குழைந்து, அடியில் தீய்ந்து கிடந்தது. அவனே வடித்தது.
"அண்ணி எங்கண்ணா?"
"அவங்க அம்மா வீட்டுல."
"எப்ப வருவாங்க?"
டப்பாவின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "எல்லாத்தையும் அவளே சொல்லிட்டா."
"எனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தானே..."
"தெரியும். அவ மொகத்தப் பாக்க முடியல."
இப்போது நான் கொஞ்சம் அழுதால் அவளைக் கூப்பிட்டுக்கொள்வான் என்று தோன்றியது. முயன்றுதான் பார்த்தேன். வரவில்லை. தீய்ந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.