இரண்டாம் முறை கேட்காதவர்கள்

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. நலம்தான். யாருக்கும் ஒரு காய்ச்சல்கூட இல்லை.

நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. நம் வீட்டு மாடி அறையை அடுத்த மாத முதல் தேதியிலிருந்து ஒரு பல் டாக்டர் தம்பதிக்கு வாடகைக்கு விடப்போகிறாய், அங்கே கிடக்கும் என் புத்தகங்களை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். நீ இரண்டு வரியில் கேட்டுவிட்டாய். எனக்கு இரண்டு வரியில் பதில் வராது. போனில் பேசினாலோ எனக்குக் குரல் ஏறிவிடும், உன்னை நடுவில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

முதலில் புத்தகங்கள். யாருக்கு வேண்டுமானாலும் கொடு, நான் வேலை பார்த்த கல்லூரிக்கு மட்டும் கொடுக்காதே. கல்லூரிச் செயலாளரின் மருமகன்தான் அங்கே இயற்பியல் துறைத் தலைவராக உட்கார்ந்திருக்கிறான், அவற்றைப் பிரிக்கமாட்டான். மேலே டீ கிளாஸ் வைப்பான். அந்த நாற்காலி யாருக்கு வந்திருக்க வேண்டும் என்பது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு எனக்காக ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நீயும்தான்.

"அங்க எப்படிண்ணா இருக்கு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாய். நானும் ஒவ்வொரு முறையும் "இருக்கு" என்கிறேன். இன்றைக்குக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. வெந்நீரும் வருகிறது. மின்சாரம் போய் நான் பார்த்ததே இல்லை. பஸ் எப்போது வரும் என்று நிறுத்தத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், எழுதியபடியே வந்து தொலைக்கிறது. வந்த புதிதில் அது எனக்கு அதிசயம். இப்போது சற்றுத் தாமதமானாலும் முணுமுணுக்கிறேன். அரசாங்க அலுவலகத்தில் யாரையும் தெரிந்திருக்க வேண்டாம். டோக்கன் எடுத்து உட்கார்ந்தால் கூப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள், வேலையை முடித்துக் கொடுக்கிறார்கள். நின்று சண்டை போட ஒரு குமாஸ்தா கிடையாது. குறை சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில் என்னைப் போன்றவன் என்னதான் செய்வான், சொல்?

குடியிருப்பது நாலாவது மாடி. ஜன்னல் நாலு விரல் அகலத்துக்குமேல் திறக்காது. யாரும் விழுந்துவிடக் கூடாதாம். பக்கத்து வீட்டுக்காரன் தும்முவது சுவர் வழியாகக் கேட்கிறது. அவன் முகம் எப்படியிருக்கும் என்று இன்றுவரை தெரியாது. லிஃப்டில் யாராவது ஏறினால் எல்லோரும் கதவுக்கு மேலே எரியும் எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம், பரீட்சைக்கு வரப்போகிறது என்பதுபோல. போன வருஷம் கீழ்த்தளத்துக் கிழவர் இறந்துபோனார். தபால் பெட்டியில் அவர் பெயரைக் கிழித்துவிட்டு வேறு பெயர் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

அங்கே மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பாய். கேட்கலாம். நம் வீட்டில் சட்டை மாற்ற ஒரு தனி இடம் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, அடுப்பில் இருப்பதைத் திறந்து பார்த்துவிட்டு, எனக்கு ஏன் சம்பளம் ஏறவில்லை என்று விசாரித்துவிட்டுப் போவாள். ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் உள்ளே ஒரு தெரிந்தவர் வேண்டும். அதுவும் மூச்சு முட்டத்தான் செய்தது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே மூச்சு முட்டினால் ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்க ஆள் இருந்தது.

உன் அண்ணிக்கு இந்த ஊர் அளவெடுத்துத் தைத்த சட்டையாகப் பொருந்திவிட்டது. முதியோர் இல்லத்தில் வேலை, அவளுக்கென்று ஒரு சாவிக்கொத்து, சிநேகிதிகள். ஒருநாள் பேச்சுவாக்கில், "இங்க எங்க போற, எங்க வர்றன்னு கேக்க ஒரு நாதி இல்ல பாத்தியா" என்றேன். "அங்க மூலைக் கடைக்குப் போய்ட்டு வந்தாக்கூட உங்க வீட்டுல நாலு பேருக்குக் கணக்கு சொல்லணும். இங்க கேக்க ஆளில்லாததுதாங்க எனக்கு சொர்க்கம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எங்கே போனாள் என்று நானும் கேட்கவில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். ஒளியியல் பாடம் நடத்தித் தலை நரைத்தவன் இங்கே கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் நிற்கிறேன். உட்கார அனுமதி இல்லை. இயந்திரத்தின் மேல் நாள் முழுக்கப் பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப்போகும். மேற்பார்வை செய்கிறவளுக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். மரியாதைக் குறைவாக இல்லை, அவளுடைய அப்பாவையும் அப்படித்தான் கூப்பிடுகிறாளாம்.

சென்ற மாதம் பரிசோதனை அறையில் ஒரு இடம் காலியானது. தேய்த்து வரும் லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்து, கருவியில் வைத்து அளந்து, சரியா தவறா என்று சொல்ல வேண்டும். நாற்காலி உண்டு, சத்தம் கிடையாது. எனக்கென்றே செய்த வேலை. அவள் நேராக என்னிடம் வந்து, "உங்களுக்கு அந்த வேலை வேணுமா?" என்று கேட்டாள். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மனுஷன் உடனே ஆமாம் என்று வாயைப் பிளப்பானா? "எனக்கெதுக்குங்க, என்னைவிட நல்லா செய்யறவங்க இருப்பாங்களே" என்றேன். நம் ஊராக இருந்தால் அடுத்த வார்த்தை என்ன வரும்? "அட, சும்மா வாங்க சார், உங்களை விட்டா யாரு?" என்று வரும். நாமும் கொஞ்சம் தயங்கி, அவர்களுக்காக ஒத்துக்கொள்வதுபோல ஒத்துக்கொள்வோம். இவள், "ரொம்ப நன்றி, வெளிப்படையாச் சொன்னதுக்கு" என்று சிரித்துவிட்டு, எனக்கு அடுத்த இயந்திரத்தில் நின்றவனிடம் திரும்பினாள். அவனை நாங்கள் நெட்டை என்போம். அவள் கேள்வியை முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டான்.

வீட்டில் சொன்னேன். மகள், "அவங்க கேட்டாங்க, நீங்க வேணாம்னீங்க. இதுல அவங்க தப்பு என்னப்பா?" என்றாள். நம் பக்கமெல்லாம் குறைந்தது மூன்று தடவை கேட்பார்கள் என்று விளக்கினேன். "அப்ப மொத ரெண்டு தடவையும் பொய் சொல்றதா?" என்றாள். இந்த வாயைப் படிக்க வைக்கத்தான் நான் கடல் தாண்டி வந்தது. வேண்டாம் என்பவனை மறுபடி கேட்பது அவனுக்குச் செய்கிற மரியாதை என்று இந்த நாட்டில் வளர்ந்த பெண்ணுக்கு எந்த மொழியில் சொல்வது? சாப்பிட்டு எழுந்தேன்.

கடைசியாக மாடி அறை. அதே சென்ற மாதம்தான் நீயும் போன் செய்து, "வந்துடுங்களேண்ணா, மாடி ரூம் சும்மாதானே கெடக்கு" என்றாய். "எனக்கெதுக்குடா, நீங்க நிம்மதியா இருங்க" என்றேன். இப்போதும் அதுதான். பல் டாக்டருக்கே விடு. நல்ல குடித்தனக்காரர்கள் கிடைப்பது எளிதில்லை. எனக்காக எதையும் யோசித்துக்கொண்டிருக்காதே.

உன் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் விசாரித்ததாகச் சொல்.

ஆசிகளுடன்,
அண்ணன்

*

தம்பிக்கு,

உன் பதில் வந்தது. "சரிண்ணா. புத்தகத்தையெல்லாம் அட்டைப்பெட்டில போட்டுப் பரண்ல ஏத்திடறேன். கவலைப்படாதீங்க." கூடவே நிமிர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று.

நீ எப்போதடா வெளிநாட்டுக்காரன் ஆனாய்?

இங்கே இருப்பவர்கள் ஒருமுறை கேட்டுவிட்டுப் போகிறார்கள். அது அவர்கள் வளர்ந்த விதம், அவர்களை நான் எந்த முகத்தோடு கோபிப்பது? நீ என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவன். அப்பா வாங்கி வந்ததைப் பங்கு போடும்போது நான் எனக்கு வேண்டாம் என்று தள்ளி வைத்தால், "அம்மா, அண்ணன் பொய் சொல்றான்" என்று கத்துவாய். அந்த வயதில் புரிந்தது இப்போது புரியவில்லையா, அல்லது புரிந்துகொள்ளாமல் இருப்பது சௌகரியமாக இருக்கிறதா? கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியது, கேட்டேன்.

முதல் கடிதம் அனுப்பிய பிறகு இங்கே இரண்டு காரியங்கள் நடந்தன.

மகள் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்ததால், அந்த மேற்பார்வைக்காரியிடம் நானே போனேன். பரிசோதனை அறை வேலை எனக்கு வேண்டும் என்று சொன்னேன். இந்த வயதுவரை ஒரு பொருளைக் காட்டி எனக்கு அது வேண்டும் என்று நான் வாய்விட்டுக் கேட்டதில்லை. நாக்கு கூசிவிட்டது. அவளுக்கு நிஜமாகவே வருத்தம். "அடடா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே! அடுத்த தடவை காலியானா உங்களுக்குத்தான்" என்றாள். அடுத்த தடவை என்றால் நெட்டை ஓய்வு பெறும்போது. அவன் என்னைவிட இளையவன். பரிசோதனை அறைக் கதவு வழியாகப் பார்த்துக் கையசைத்தான். நானும் அசைத்துவிட்டு என் இயந்திரத்துக்கு வந்தேன்.

அடுத்தது உன் அண்ணி. நாம் திரும்பிப் போய்விட்டால் என்ன என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "நீங்க போகணும்னா போங்க. நான் தடுக்கமாட்டேன், அழவும் மாட்டேன். ஆனா நான் வரல. இதை ஒரு தடவைதான் சொல்வேன், திருப்பித் திருப்பிக் கேக்காதீங்க" என்றாள். கோபமே இல்லை. கோபம் இருந்தால் சமாதானம் செய்யலாம். மகள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். கதவுக்கு வெளியே கொஞ்சம் நின்றேன், தட்டவில்லை.

ஆக, வந்தால் நான் மட்டும்தான் வரவேண்டும். தனியாக வருகிறவனைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா என்னென்ன கேட்பாள் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். கல்லூரி வாசலில் அந்த மருமகன் எதிரே வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்றும் யோசித்தேன். அங்கே எனக்கு வேலை இல்லை. இங்கே இருப்பதற்கு வேலை என்று பெயர். இதில் எது மேல் என்று ஒரு நாள் ஒரு மாதிரியும் மறு நாள் வேறு மாதிரியும் தோன்றுகிறது. வருவேனா என்று கேட்டால், எனக்கே தெரியாது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த அறை பூட்டிக் கிடக்கிறவரை நான் இங்கே வந்திருப்பவன். பட்டறையில் நிற்கும்போதும், அந்த லிஃப்டில் ஏறி இறங்கும்போதும் அந்த எண்ணத்தில்தான் நிற்கிறேன். பல் டாக்டரின் சாமான் அதில் இறங்கிவிட்டால் நான் இங்கேயே இருப்பவன். வித்தியாசம் உனக்குச் சிறியதாகத் தெரியலாம். குடும்பத்தோடு சொந்த வீட்டில் இருக்கிறாய், உனக்கு அப்படித்தான் தெரியும்.

அவர்களிடம் நீ வாக்குக் கொடுத்திருப்பாய். உன் மனைவிக்கும் சங்கடமாக இருக்கும். எல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒருநாள் போன் செய். செய்தி அனுப்பாதே, குரலில் கேள். வந்துடுங்கண்ணா என்று சொல். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், எனக்கு வேறு பேச்சுப் பழக்கமில்லை. உடனே போனை வைத்துவிடாதே.

நீயும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

அண்ணன்