பிளேடு படாத முகம்

என் வீட்டுக்காரருக்கு, நீங்கள் இருக்கிற இடத்தில் காலை நேரத்து வெந்நீருக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு ஞானம் எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதிகள். அதைக் கேட்டால்தான் மீதியைக் கேட்கிற பொறுமை உங்களுக்கு வரும். பெரிய பேத்தி பிரிசில்லா பரீட்சை எழுதி முதல் தடவையிலேயே பாஸ் செய்து மஸ்கட்டில் நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளையும் குழந்தையும் அவளோடுதான். பேரன் ஜெயசீலன் பெங்களூரில் தனக்குக் கீழே ஆட்களை வைத்து வேலை வாங்குகிறான். கடைக்குட்டி ஷாலினி சத்துவாச்சாரியில் ஹாஸ்டலில் தங்கி காலேஜ் படிக்கிறாள். ஓட்டப்பந்தயத்தில் கப்பு வாங்கியிருக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன நான், தெருவில் யார் கேட்டாலும் இதையெல்லாம் சொல்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

ஆனால் இன்று காலையிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. குக்கரை வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறேன், வாசலுக்கு வந்ததும் குக்கர் ஞாபகம் வருகிறது. இந்தக் கடிதத்தையே நாலு தரம் எழுந்துபோய் வந்துதான் எழுதுகிறேன்.

வருகிற சனிக்கிழமை உங்கள் முதல் வருஷ நினைவு நாள். வீட்டில் ஜெபக்கூட்டம். தெருமுனையில் பிளெக்ஸ் வைப்பது என்று நம் மகன் அருள் முடிவு செய்திருக்கிறான். இன்று மத்தியானத்துக்குள் படம் கொடுத்தால்தான் அடித்துத் தர முடியும் என்று பிரிண்ட் போடுகிறவர் சொல்லிவிட்டார். எந்தப் படம்? அதில்தான் சண்டை.

உங்களுக்குப் படமே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. கல்யாண வீடுகளில் எல்லாம் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். நீங்கள் வேலை பார்த்த தோல் டேனரியின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினால் முகம் கலங்கிப்போகிறது. தெளிவாக, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு இருக்கிற படம் ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் பிரிசில்லா எடுத்தது. அதில் உங்கள் முகமெல்லாம் வெள்ளைத் தாடி, குத்துக் குத்தாக.

அந்த முகத்தைத் தெருவில் வைப்பதா?

ஷேவ் செய்யாமல் நீங்கள் கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை. போதகர் வந்தாலும் சரி, தண்ணீர் லாரி வந்தாலும் சரி. ஜன்னல் கம்பியில் கண்ணாடி, கீழே சொம்பில் வெந்நீர், வட்ட சோப்பில் பிரஷ்ஷைச் சுழற்றுகிற சத்தம். ரேசரின் தலையைத் திருகிக் கழற்றி, காகிதத்திலிருந்து புது பிளேடை எடுத்து வைத்து, மறுபடி திருகி மூடுவீர்கள். இடது கையால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, அழுத்தாமல், ரேசரின் கனத்திலேயே இறக்குவீர்கள். ஒரு பக்கம் சோப்பு நிறைந்தால் மறு பக்கம். பிறகு படிகாரக் கட்டி. பழைய பிளேடு எனக்கு, தையல் பிரிக்க.

எல்லாம் முடிந்ததும் புறங்கையால் தாடையைத் தடவிப் பார்ப்பீர்களே, அதுதான் எனக்குச் சிரிப்பு. டேனரியில் தோலைத் தடவித் தரம் பிரிக்கிற அதே கை. சின்னக் கீறல் விழுந்த அன்றைக்கு, "ஞானம், இன்னைக்கு தேர்டு குவாலிட்டி. வெளிநாட்டுக்குப் போவாது, லோக்கல்ல தள்ளிட வேண்டியதுதான்" என்பீர்கள். லோக்கல் என்றால் நான்தான்.

ஆஸ்பத்திரியில் அதற்கு வழியில்லாமல் போயிற்று. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். பிளேடு பட்டு வெட்டினால் ரத்தம் நிற்காது என்று பிரிசில்லா ரேசரை என் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். அவள் கொண்டுவந்த மின்சார மெஷினை நீங்கள் தள்ளிவிட்டது ஞாபகமிருக்கிறதா?

"இன்னா இது? ஆட்டுக்கு ரோமம் எடுக்குறதாட்டம் கீது."

"தாத்தா, அடம் புடிக்காத. ஒரு நிமிஷம் வேலை."

"நீ ஆட்டுக்குப் போய் பண்ணு, போ."

பிறகு ஒருவரையும் வார்டுக்குள் விடவில்லை நீங்கள். பார்க்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டீர்கள். பிரிசில்லாவின் கைக்குழந்தைதான் உங்களைக் கேட்காமலே உள்ளே வந்தது. தாடியைப் பிடித்து இழுத்துவிட்டு, சொரசொரப்புக்குக் கையை வெடுக்கென்று எடுத்து, மறுபடி இழுத்தது. நீங்கள் சிரித்தீர்கள். அந்த நேரத்தில்தான் பிரிசில்லா படம் எடுத்துவிட்டாள்.

நேற்று அருள் அந்தப் படம்தான் வேண்டும் என்றான். முடியவே முடியாது என்றேன்.

"அம்மா, அப்பா சிரிச்ச படம் வேற எங்கம்மா கீது?"

"சிரிச்சா போதுமா? மூஞ்சி கழுவாம தெருவுல நிக்க வெப்பியா அவர?"

"யாரும்மா தாடியப் பாக்கப் போறாங்க?"

"அவரு பாப்பாரு."

ஷூ கம்பெனியில் அத்தனை பேரை மேய்க்கிறவன், என்னிடம் வாயை மூடிக்கொள்கிறான். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஜெயசீலன் நடுவில் வந்தான். "ஆயா, பேஜாரே வேணாம். போன்லயே தாத்தாவுக்கு ஷேவ் பண்ணிட்றேன்" என்றான். நெஞ்சு வரைக்கும் தாடி வைத்திருக்கிற பையன் சொல்கிறான்! "மொதல்ல உனக்குப் பண்ணிக்கோடா" என்றேன். அவன் அதற்குள் விரலால் தேய்க்க ஆரம்பித்துவிட்டான்.

நிஜமாகவே தாடி போய்விட்டது. வெந்நீர் இல்லை, சோப்பு இல்லை. நான் போனை வாங்கிப் பார்த்தேன். கன்னம் மெழுகு பூசினாற்போல் இருந்தது. உங்களுக்குத் தம்பி ஒருவர் இருந்து, வெயிலே படாமல் வளர்ந்திருந்தால் அப்படித்தான் இருந்திருப்பார். நன்றாகத்தான் இருக்கிறது என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் என்னவோ குறைந்தது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

அருள்தான் கண்டுபிடித்தான். போனை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"டேய், வெட்டு எங்கடா?"

"இன்னா வெட்டுப்பா?"

"தாடைக்குக் கீழ. நான் பொறந்த அன்னிக்கு விழுந்த வெட்டு."

ஜெயசீலனுக்கு அது தெரியாது. நீங்கள் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து என் தம்பி ஓடிவந்து, ஆம்பளைப் பிள்ளை என்று வாசலில் கத்தினானே, பிளேடு தாடையில் இருக்கும்போதே திரும்பினீர்களே, அந்தக் கதையை அருள் நேற்று தன் மகனுக்குச் சொன்னான். சட்டையெல்லாம் ரத்தத்தோடு என்னைப் பார்க்க வந்த உங்களை, அடிபட்ட ஆள் என்று நினைத்து ஆஸ்பத்திரி ஆயா கட்டுப் போடுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள் என்பதையும் சொன்னான். சொல்லும்போது சிரித்தான், பிறகு மூக்கை உறிஞ்சினான்.

ஜெயசீலன் பழைய படத்தை மறுபடி எடுத்துக் காட்டினான். தாடிக்கு நடுவே முடி முளைக்காத கோடு ஒன்று, வயலில் வரப்பு மாதிரி, பளிச்சென்று இருந்தது. தினமும் மழித்த முகத்தில் அது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அதன் நீளத்தை நான் அந்தப் படத்தில்தான் பார்த்தேன்.

இருந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. அருளுக்கு அவன் வெட்டு வேண்டும், சரி. உங்கள் மானம்? நீங்கள் முதுகைக் காட்டிப் படுத்தது? ராத்திரி பூராவும் இதே யோசனையில் புரண்டேன்.

உங்களுக்குத் தெரியாத சேதி ஒன்று இருக்கிறது, சொல்கிறேன். நீங்கள் கண்மூடிய அன்று விடிகாலை உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து நடு அறையில் கிடத்தினார்கள். சலூன்காரருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், அவரைக் காணோம். நான் பையின் ஜிப்பைத் திறந்து ரேசரை எடுத்தேன். உங்கள் அக்காவுக்கு வந்ததே கோபம்.

"இன்னா ஞானம் இது? பொம்பள செய்யற வேலையா? அந்த ஆளு வந்துகினே இருக்காரு."

"வரட்டும் அண்ணி. வந்தா டீ குடுங்க."

எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னேன். வெந்நீர் வைத்தேன். சூடு உங்களுக்குத் தெரியாது என்று தெரியும், இருந்தும் விரலை விட்டுப் பார்த்துத்தான் தொட்டேன். கன்னத்தை இழுத்துப் பிடித்தேன், அழுத்தாமல் இறக்கினேன், ஒரு பக்கம் நிறைந்ததும் மறு பக்கம் திருப்பினேன். சோப்புக்கு அடியில் அந்த வெட்டு விரலுக்குத் தட்டுப்பட்ட இடத்தில் மட்டும் பிளேடைத் தூக்கித் தாண்டினேன். ஒரு கீறல் இல்லை. படிகாரமும் போட்டேன், எதற்கு என்று கேட்காதீர்கள். அப்புறம்தான் கதவைத் திறக்கச் சொன்னேன்.

இன்று காலை பல் தேய்க்கும்போது இது முழுசாக மனசுக்குள் வந்து நின்றது. உங்களைச் சுத்தமாகத்தானே அனுப்பினேன்? ஊர் உங்களைக் கடைசியாகப் பார்த்தது மழித்த முகத்தோடுதானே? அப்படியிருக்க, நீங்கள் சிரித்த ஒரே ஒரு படத்தை நான் ஏன் ஒளிக்க வேண்டும்? கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அந்தக் கோபத்தோடு ஒரு தரம் கனவில் வந்துவிட்டுப் போங்கள்.

அருளைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "தாடியோடவே போடச் சொல்லு. ஒரு முடியும் தேய்க்கக் கூடாது." அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். மத்தியானம் ஆகப்போகிறது. இன்னும் போன் வரவில்லை. அந்த பிரிண்ட்காரர் தானாக ஏதாவது பளபளவென்று செய்துவிடுவாரோ? வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். சனிக்கிழமை அந்த பிளெக்ஸுக்குக் கீழே நான் போய் நிற்பேன். "இன்னாம்மா, இவர் ஷேவ் பண்ணாம இருந்து பாத்ததே இல்லையே" என்று யாராவது கேட்டால், யார் இழுத்துப் பார்த்த தாடி அது என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்புவேன்.

பிரிசில்லா, இதை ஜெயசீலன் போனில் உனக்குப் படித்துக் காட்டுவான். உன் குழந்தை இப்போது நடக்கிறாள் என்கிறாய். போனில் காட்டாதே, அதில் அவள் நிற்கவே மாட்டேன் என்கிறாள். நல்லதாகப் புதுப் படம் ஒன்று எடுத்து, அச்சுப் போட்டு, தபாலில் அனுப்பு. தாத்தாவின் அந்தச் சிரிப்புப் படத்தை மாட்டப்போகிற இடத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
அருளுக்கு அம்மா, உங்களுக்கு லோக்கல்,
ஞானம்