விந்தை மண்டபத்தை அடைத்ததற்கு விடை

வெண்பொழில் நாட்டுக்கு நிழலாய் நிற்பவரும், காட்டாறுகளை அணைக்குள் அடக்கிய குலத்தில் தோன்றியவருமான இளந்திரைப் பெருவேந்தர் திருவடிகளுக்கு, கேளிக்கைச் சோலையின் காவற்பொறுப்பேற்ற அமைச்சன் கீரங்கண்ணன் பணிந்து எழுதும் ஓலை. கோட்டைக் கொடி தாழாதிருக்கட்டும், களஞ்சியம் குறையாதிருக்கட்டும், பட்டத்தரசியாரும் மக்களும் நலமுற்றிருக்கட்டும்.

தேவரீர் பாசறையிலிருந்து விடுத்த கட்டளை நேற்றுக் கிடைத்தது. வேனில் விழாவன்று விந்தை மண்டபத்தைத் திறவாவிடில் என் தலை என் தோளில் இராது என்று அதில் கண்டேன். துறைமலை மன்னர் பெருநள்ளியார் தம் மனைவி மக்களோடு அங்கே அமரவிருக்கிறார் என்பதையும், நெடும்பகை தீர்ந்து சமாதானம் கைகூடுவது அந்த விருந்தில்தான் என்பதையும் அறிவேன். அறிந்தே கதவைப் பூட்டினேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அதன்பின் சினப்பதும் பொறுப்பதும் தங்கள் உரிமை.

தங்கள் முப்பாட்டனார் அம்மண்டபத்தை எழுப்பியது நீர்ப்போர் காட்டுவதற்கு. நடுவே ஆழமான குளம் வெட்டி, சிறு மரக்கலங்களை மோதவிட்டார். ஊரே கூடி ஆரவாரித்ததாம். பாட்டனார் பொம்மைக்கூத்தில் மனம் வைத்தார். முன்னோர் அமைத்த காட்சியைப் பின்னோர் பெயர்க்கலாகாது என்பது இக்குலத்து வழக்கமன்றோ? ஆகவே குளத்தைத் தூர்க்காமல், நீரையும் இறைக்காமல், மேலே பலகை பாவி ஆளுயரப் பொம்மைகளை ஆடவிட்டார். தந்தையார் காலத்தில் பொம்மைகள் அலுத்துப்போயின. பலகைமேல் மணல் கொட்டிக் கல் பாவி, நுழைந்தவர் வெளியேற வழி தெரியாமல் திண்டாடும் கண்ணாடிக் கூடம் அமைத்தார். அதில் நானும் வழி தவறி, எதிரே வந்த தொந்திக்காரரை யாரோ பெரிய மனிதர் என்றெண்ணி என்னையே கும்பிட்டிருக்கிறேன்.

இப்போது அந்தக் கல்தளத்தின்மேல் தாங்கள் ஆணையிட்ட விண்சுழல் நிற்கிறது. நடுவே பெருங்கம்பம், அதில் தொங்கும் இருக்கைகள், கம்பத்தைச் சுற்ற இரண்டு யானைகள். வெள்ளோட்டத்தன்று யானைகள் நடந்ததும் கம்பம் சற்றே சாய்ந்தது. கல்லிடுக்குகளில் நீர் கசிந்து பொங்கியது. நிமித்திகர் சாத்தந்தையார் நீர்மகளே விழாவுக்கு எழுந்தருளினாள் என்று கூறி மலர் தூவினார். தங்களுக்கு வந்த நற்செய்தி அதுதான். நானோ கடப்பாரையைத் தேடினேன்.

அன்றே ஒரு கல்லைப் பெயர்த்து, மணலை விலக்கிக் கீழே கைவிட்டேன். பாட்டனார் பாவிய பலகை ஊறிய அவலைப்போல விரலோடு வந்தது. மூங்கிற்கழியை இறக்கினேன், அடி தட்டவில்லை. அத்தனை ஆட்டமும் கொண்டாட்டமும் நடந்தது ஒரு குளத்தின் தலைமேல் என்பதை நாம் அனைவரும் மறந்திருந்தோம்.

பெருந்தச்சர் ஆவூரனார், விழாப் பொழுது மட்டும் தளம் தாங்கிவிடும் என்றார். தம் பிள்ளைகளை முதலில் ஏற்றுவாரா என்று கேட்டேன், முழக்கோலை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அவையோர், இப்போது அடைத்தால் துறைமலையார் அவமதிப்பாகக் கொள்வர் என்று அஞ்சினர். அவமதிப்பை ஆயிரம் உபசாரத்தால் ஆற்றலாம். நாம் அழைத்து அமர்த்திய மன்னர் குடும்பத்தோடு குளத்தில் மூழ்கினால், அதை விபத்தென்று எந்த நாடு நம்பும்? நம் எல்லையூர்கள் எரிந்து முடிந்த பின்னும் அந்தப் பழி தங்களை விடாது.

பெருமானே, கீரங்கண்ணனைத் தொலைத்துவிட்டு மண்டபத்தைத் திறக்கலாம் என்று தங்கள் காதில் ஓதுவதற்கு ஆட்கள் உண்டு. அதற்கு இடம் வைக்க நான் விரும்பவில்லை. ஆதலால் இன்று விடியலில் விண்சுழலைக் கழற்றி முரசுத் திடலின் கட்டாந்தரையில் நட்டேன். அதன்பின் வெளியே நிறுத்திய யானைகளைக் கொண்டே தளம் முழுவதையும் பெயர்த்தேன். தங்கள் தந்தையார் தம் கையால் வைத்த முதற்கல்லை அசைக்கப் பிறரை ஏவ மனம் வரவில்லை. நானே நெம்பினேன், வாய்விட்டு அழுதேன். குலவழக்கத்தை மீறியவன் நான் ஒருவனே. ஏவலர் என் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தவர்கள்.

காவலர்க்கு நான் விடுத்த ஆணையின் படியும் இதோ: விருந்தினர் இருக்கைகள் திடலில் இடப்படுக. சோலைக் காவலர் இக்கட்டளையை இம்மியும் பிசகாது நிறைவேற்றுக. அமைச்சன் என்ற நிலையில் நான் இடும் கடைசி முத்திரை இது. மோதிரத்தையும் ஓலையோடு அனுப்புகிறேன்.

தண்டனையை ஏற்க மண்டப வாசலில் காத்திருப்பேன். உள்ளே நிற்க முடியாது, வேந்தே. அங்கே இப்போது தண்ணீர்தான் இருக்கிறது.