மூன்றாம் தூணில் நான்கு விரல்கள்

வில்லோமியர் மாளிகை,
நாட்செஸ், மிசிசிப்பி
12 ஜனவரி 1987

அன்புள்ள ஓடெல்,

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? எங்கள் மூன்றாம் தூணுக்கும் அதே நோய்தான், பூச்சு உதிர்கிறது. மார்ச்சில் வீடு பார்க்கக் கூட்டம் வரும். "கர்னல் ஃபரார் 1852இல் தம் கையாலேயே கட்டிய வீடு" என்று வழிகாட்டிப் பெண் சொல்லும்போது தூண் உதிரலாமா? உடனே வந்து சிமெண்டு பூசு.

லூசிண்டா ஃபரார்

19 ஜனவரி

மதிப்பிற்குரிய திருமதி ஃபரார் அவர்களுக்கு,

மூட்டு சுகம். நீங்கள் தேவாலயம் போயிருந்தபோது வந்து பார்த்தேன். தூண் கல் அல்ல. செங்கல்மேல் சுண்ணாம்பு பூசி, கல்போலக் கோடு கீறியது. நோயே சிமெண்டுதான். 1961இல் உங்கள் மாமனார் அதைப் பூசச் சொன்னபோது, "பழைய செங்கல் மூச்சு விடணும் ஐயா, ஈரம் உள்ளயே நின்னு தின்னுடும்" என்றார் என் அப்பா. "செங்கல்லுக்கு மூக்கு எங்கடா இருக்கு?" என்று கேட்டாராம் உங்கள் மாமனார்.

சிமெண்டைச் செதுக்கிவிட்டுச் சுண்ணாம்பு பூசித் தருகிறேன். ஒரு நிபந்தனை. பூச்சு விட்ட இடத்தில் ஒரு செங்கல்லில் நான்கு விரல்கள் பதிந்திருக்கின்றன. இந்த வீட்டுக்குச் செங்கல் அறுத்தவர் என் பாட்டனாரின் பாட்டனார் ஏப்ரம், கர்னலின் அடிமை. வழிகாட்டி அவர் பெயரைச் சொல்ல வேண்டும். கர்னலின் விரலாக இருக்குமோ என்று ஒப்பிட வழியில்லை. கூடத்து ஓவியத்தில் அவர் கையுறை போட்டிருக்கிறார்.

ஓடெல் காஸ்கின்

2 பிப்ரவரி

அன்புள்ள ஓடெல்,

வீடு காட்டும் மாதர் குழுவில் பேசிப் பார்த்தேன். "அடிமைக் கதையெல்லாம் சொன்னா, வந்தவங்களுக்கு நாம குடுக்கிற பீக்கன் கொட்டை கேக் தொண்டையில இறங்குமாடி?" என்கிறாள் தலைவி. 'கைதேர்ந்தவர்கள் கட்டியது' என்று வேண்டுமானால் சேர்க்கலாமாம். வேறோர் ஆள் இரண்டே நாளில் சிமெண்டு பூசித் தருகிறான். உனக்கேன் சிரமம்.

லூசிண்டா ஃபரார்

6 பிப்ரவரி

மதிப்பிற்குரிய திருமதி ஃபரார் அவர்களுக்கு,

சிரமமே இல்லை. அந்தச் சிமெண்டு ஒரு நல்ல மழைவரை நிற்கும். அதுவரை நான் சுண்ணாம்பை ஊறப்போட்டு வைக்கிறேன். ஊற ஊற அது நன்றாகும்.

ஓடெல் காஸ்கின்

23 மார்ச்

மதிப்பிற்குரிய திரு. காஸ்கின் அவர்களுக்கு,

மூன்று நாள் மழை. நேற்று நாற்பது பேர் முன்னால், வழிகாட்டிப் பெண் "தம் கையாலேயே" என்று வந்த இடத்தில், ஆள் உயரத்துக்குச் சிமெண்டு பெயர்ந்து விழுந்தது. அவள் அந்தக் காலத்துச் சீமாட்டி வேஷத்துக்குப் போட்டிருந்த கூண்டுப் பாவாடையைத் தவிர எதற்கும் சேதமில்லை. ஒஹாயோவிலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி குனிந்து, "இது யாரு விரல்?" என்றாள். வழிகாட்டி என்னைப் பார்த்தாள். தலைவி கேக்கைப் பார்த்தாள்.

"ஏப்ரம்னு ஒருத்தரோடது. இந்த வீட்டைக் கட்டுனவர்" என்றேன். சொன்ன குரல் எனக்கே புதிதாக இருந்தது. வரிசையில் நின்று பார்த்தார்கள். பிறகு கேக்கில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

இனி வழிகாட்டி அந்தப் பெயரைச் சொல்லாமல் கூட்டத்தை உள்ளே விடமாட்டாள். உங்கள் சுண்ணாம்பு ஊறியிருக்கும், வாருங்கள். இத்தனை நாள்போலப் பின்வாசலில் அல்ல, முன்வாசல் வழியாகவே வாருங்கள். அந்த ஒரு செங்கல்லை மட்டும் பூச வேண்டாம். அது மூச்சு விடட்டும்.

லூசிண்டா ஃபரார்