பெர்னியின் பிரஸ்ஸை வாங்கலாமா?

கூப்பர் கிரீக், மோன்டானா
ஜூலை 8, 2013

அன்புள்ள கிளைட்,

நான் நலம். நீயும் நாயும் நலமா? போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்ற வசதியும் இருக்கிறது.

விஷயம் இதுதான். நம் ஊர் பெர்னி ஸ்டோல்ட் இந்த மார்ச்சில் போய்ச் சேர்ந்தாரில்லையா, அவர் வீட்டிலேயே தோட்டா அடைத்த சாமான்களையெல்லாம் அவர் மனைவி ஹாரியட் விற்கிறார். கூட்டில் குண்டை அழுத்திப் பொருத்துகிற பிரஸ், அச்சுகள், தராசு, வெடிமருந்து அளக்கிற குழாய், ஒரு வாளி நிறையப் பழைய பித்தளைக் கூடுகள். பெர்னியின் துப்பாக்கியும் நம் ரகம்தான், அச்சு பொருந்தும். நம் இருவருக்கும் இந்த வருடம் எல்க் மான் சுட அனுமதிச் சீட்டு குலுக்கலில் விழுந்திருக்கிறது. கையில் இருப்பதோ போன வருடம் நீ கொடுத்ததில் மிச்சம் நான்கு தோட்டா. கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள். துப்பாக்கிக்குப் புதுச் சட்டம் வந்துவிடும் என்று ஊரே பயந்துபோய்த் தோட்டாவை வாங்கிப் பதுக்குகிற வருடம் இது. நம் துப்பாக்கிக்கு நல்ல காலத்திலேயே கடையில் கிடைக்காது.

வாங்கலாமா, வேண்டாமா? கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாக நீ அடைத்ததைத்தான் சுட்டிருக்கிறேன். நீ அடைக்கும்போது பக்கத்தில் வந்து பேசக்கூடாது என்பதைத் தவிர அந்த வேலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வருடம் முன் எண்ணெய் வயலுக்குக் கிளம்பியபோது துணிப்பெட்டி, நாய், பிரஸ் மூன்றையும் டிரக்கில் ஏற்றினாய். துணி சரி, நாயும் சரி. வேலைக்குப் போகிறவன் பிரஸ்ஸை எதற்குக் கழற்றிக்கொண்டு போகிறான் என்று அன்றைக்குக் குழம்பியவள்தான், இன்னும் தெளியவில்லை.

பதில் போடு.
நெல்டா

---

வில்லிஸ்டன், வட டகோட்டா
ஜூலை 15, 2013

அன்பான நெல்டாவுக்கு,

நாய் நலம். என்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறது.

வாங்கு, யோசிக்காதே. பெர்னியின் பிரஸ் வார்ப்பிரும்பு, நம் இருவருக்கும் பிறகும் உழைக்கும். போய்ப் பார்க்கும்போது கைப்பிடியை மேலும் கீழும் இழுத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார். அச்சுக்குள் விரலை விட்டுத் துரு இருக்கிறதா என்று பார். தராசின் தட்டு காலியாக இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். மருந்து ஏதாவது மிச்சம் இருந்தால், டப்பாவின்மேல் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதே. ஒருவன் ஒரு டப்பாவில் எதை ஊற்றினான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும், அவனும் போய்விட்டான். புல்தரையில் தூவிவிடு. நல்ல உரம், புல் பச்சைப்பசேல் என்று வரும்.

உன்னால் முடியும். கை நிதானம் உனக்கு என்னைவிட அதிகம்.

உன் கிளைட்

---

கூப்பர் கிரீக்
ஜூலை 24, 2013

அன்புள்ள கிளைட்,

ஹாரியட் வீட்டுக்குப் போனேன். போகும்போது வாங்குவது என்று முடிவு செய்திருந்தேன். திரும்பும்போது அந்த முடிவு எங்கே போனது என்று தெரியவில்லை.

கைப்பிடி ஆடவில்லை. அச்சில் துரு இல்லை. தராசின் முள் பூஜ்யத்துக்கு ஒரு மயிரிழை தள்ளி நிற்கிறது, அது பரவாயில்லையா கூடாதா? அளக்கும் குழாயில் பாதி மருந்து அப்படியே கிடக்கிறது, குழாயே பழுப்பேறிப் போயிருக்கிறது. "இதைக் கொட்டிடலாமா?" என்று கேட்டேன். ஹாரியட்டின் முகம் மாறிவிட்டது.

"கொட்டச் சொல்றியா கண்ணு? அவர் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கட்டுமேன்னு நான் தூசிகூடத் தட்டல."

"அப்ப எப்படி விக்கிறீங்க?"

"அதான் எனக்கும் புரியல. விக்கணும்னு போர்டு போட்டேன், யாராவது கேட்டு வந்தா கதவைத் திறக்க மனசு வரல. வாங்கறதா இருந்தா சீக்கிரம் வாங்கிட்டுப் போயிடு. இல்லேன்னா உக்காரு, காபி போடறேன்."

காபி குடித்துவிட்டு வந்தேன். வழியில் தீவனக் கடை ராயிடம் கேட்டேன். "பழசை வாங்காத, புதுசா வாங்கு" என்றான். அவன் மனைவி உள்ளேயிருந்து, "புதுசு எங்கய்யா கிடைக்குது? வாங்கிப்போடு நெல்டா!" என்று கத்தினாள். அப்புறம் அவர்கள் இருவருக்கும் சண்டை. நான் கோழித் தீவனம் வாங்கப் போனதே மறந்துபோய் வெறுங்கையோடு வந்தேன்.

நீ சொன்னால் வாங்கிவிடுகிறேன். இன்னும் ஒரே ஒரு தடவை சொல்.

நெல்டா

---

வில்லிஸ்டன்
ஜூலை 31, 2013

நெல்டாவுக்கு,

வாங்காதே.

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். குழாயில் மருந்தை அப்படியே விட்டுப்போகிறவன் எப்படிப்பட்ட ஆள் என்று யோசித்துப் பார். ஒரு தடவை துப்பாக்கி சுடும் மைதானத்தில் பெர்னி சுட்டான். சத்தமே இல்லை, புஸ்ஸென்றது. கூட்டில் மருந்து போட மறந்திருக்கிறான், குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கிறது. அவன் பாட்டுக்கு அடுத்த தோட்டாவைப் போடுகிறான், சுட்டிருந்தால் குழலே வெடித்திருக்கும். "டேய் பெர்னி, நில்லுடா! தொடாதே!" என்று பாய்ந்து கையைப் பிடித்தேன். "என்னப்பா பதறுற, பீர் குடிச்சிட்டு அடைச்சேன், ஒண்ணு ரெண்டு விட்டுப்போயிருக்கும்" என்று சிரிக்கிறான். அவன் தொட்ட சாமான் நம் வீட்டுக்கு வேண்டாம்.

நீயும் வேலை செய்யும்போது வாய் ஓயாமல் பேசுகிறவள். இதற்குப் பேச்சு ஆகாது.

நானே அடைத்துக் கொண்டுவருகிறேன், வழக்கம்போல அக்டோபரில். அடுத்தவன் அடைத்த தோட்டாவை எவனும் சுடமாட்டான், நான் என் கூடப்பிறந்த அண்ணன் அடைத்ததைக்கூடச் சுடமாட்டேன், உனக்குத் தெரியும். புருஷன் பெண்டாட்டிக்குத்தான் அந்த விதி கிடையாது.

கிளைட்

---

கூப்பர் கிரீக்
ஆகஸ்ட் 9, 2013

கிளைட்,

உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒன்றில் எனக்குக் கை நிதானம். இன்னொன்றில் வாய் ஓயாதவள். ஒன்றில் வார்ப்பிரும்பு, இன்னொன்றில் தொடக்கூடாத இரும்பு. பதினைந்து நாளில் பிரஸ் மாறவில்லை, நானும் மாறவில்லை. எந்தக் கிளைட் சொல்வதை நான் கேட்பது?

எனக்கே விளங்காததை எழுதிப் பார்க்கிறேன், நீயாவது புரிந்துகொள். இரண்டு வருடமாக நீ அக்டோபரில் தோட்டா கொண்டு வருகிறாய். வேட்டையாடுகிறோம், சமைக்கிறேன், சிரிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறாய். நடுவில் வருவதில்லை. நாம் சேர்ந்திருக்கிறோமா பிரிந்துவிட்டோமா என்று என் அக்கா கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. நான் அந்தப் பிரஸ்ஸை வாங்கினால் நீ வருவதற்கு இருக்கிற ஒரே காரணமும் போய்விடும். வாங்காவிட்டால் அந்த ஒரே காரணத்துக்காகத்தான் வருகிறாய் என்று வருடா வருடம் நினைத்துக்கொண்டிருப்பேன். இதில் எது மேல் என்று தராசு வைத்தா பார்க்க முடியும்?

ஹாரியட் நேற்றுப் போன் செய்து, "எடுத்துக்கிறியா, இல்ல போர்டை எடுத்துடவா?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

நெல்டா

---

வில்லிஸ்டன்
ஆகஸ்ட் 20, 2013

என் நெல்டா,

நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு எழுதவே வராது.

வாங்காதே என்றது பெர்னிக்காக இல்லை. வாங்கு என்று எழுதித் தபாலில் போட்டபிறகு தூக்கம் வரவில்லை. நீயே அடைத்துக்கொண்டால் எனக்கு அங்கே என்ன வேலை? சாக்கு இல்லாமல் உன் வாசலில் வந்து நிற்க எனக்குத் துணிவு இல்லை. நிரந்தரமாக வந்துவிடவும் தெரியவில்லை, வராமலே இருக்கவும் முடியவில்லை. இங்கே ஏன் இருக்கிறேன் என்று கேட்டால் சம்பளம் என்பேன், அதுவும் முழு உண்மையில்லை.

உன் இஷ்டப்படி செய். இந்த முறை நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எது சொன்னாலும் மறுநாள் மாற்றிச் சொல்லிவிடுவேன்.

கிளைட்

---

கூப்பர் கிரீக்
செப்டம்பர் 29, 2013

அன்புள்ள கிளைட்,

வாங்கிவிட்டேன்.

குழாயில் இருந்த மருந்தை ஹாரியட்டே கொட்டினார். நான் கையை வைக்கவில்லை. பெர்னியின் ரோஜாச் செடிக்குக் கொட்டிவிட்டு, "தின்னு, உன் எசமான் குடுத்தது" என்று செடியிடம் சொன்னார். பிறகு இருவரும் அழுதோம், ஏன் என்று கேட்காதே.

தோட்டா அடைக்கச் சொல்லித்தரும் புதுப் புத்தகம் ஒன்று வாங்கி இரண்டு வாரம் படித்தேன். தராசைச் சரிசெய்தேன். மருந்து டப்பா கிடைக்க மூன்று ஊர் அலைந்தேன். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே டப்பாதான். ரேடியோ கிடையாது. வாயே திறக்கவில்லை, சத்தியம். ஒவ்வொரு கூட்டையும் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குண்டை வைத்தேன். முதல் தோட்டாவைச் சுடும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இரண்டாவதுக்கு மூடவில்லை. மூன்றாவது முடிந்ததும் மைதானத்தில் தனியாக நின்று கத்தினேன், ஒரு பசுமாடு திரும்பிப் பார்த்தது.

இப்போது கேட்கிறேன். நாம் கல்யாணமான புதிதில் ஒரே ரகத் துப்பாக்கி இரண்டு வாங்கியது உன் யோசனை. அக்டோபரில் வா. தோட்டா கொண்டுவராதே. நான் அடைத்ததை நீ சுடு. முடியாது என்றால் முடியாது என்று எழுது, வருத்தப்படமாட்டேன். ஆனால் முடியும் என்றால், கிளைட், நான் என் அக்காவுக்குப் பதில் சொல்லிவிடுவேன்.

ஆவலோடு,
நெல்டா

---

வில்லிஸ்டன்
அக்டோபர் 9, 2013

நெல்டா,

வருகிறேன். நீ அடைத்ததையே சுடுகிறேன். சொன்ன சொல் மாறமாட்டேன்.

கிளைட்

---

கூப்பர் கிரீக்
நவம்பர் 4, 2013

கிளைட்,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். கறியை வெட்டிக் குளிர்ப்பெட்டியில் அடுக்கிவிட்டேன். உன் பங்கு தனியாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு என் தோட்டாப் பெட்டியை உன் கையில் கொடுத்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "அழகா இருக்குடீ" என்றாய். காலையில் அந்த மேட்டில் இரண்டு முறை சுட்டாய், எல்க் விழுந்தது. "பாத்தியா! உன் தோட்டா என்னமா போச்சு!" என்று கத்திக்கொண்டே சரிவில் ஓடினாய். அவ்வளவு சந்தோஷம் எனக்கு எத்தனையோ வருடமாக இல்லை. நீ ஓடியபின் நான் குனிந்து புல்லில் கிடந்த இரண்டு காலிக் கூடுகளைப் பொறுக்கினேன். போன வருடம் என்றால் குனிந்திருக்கமாட்டேன். இப்போது எனக்குக் கூடு வேண்டுமே, மறுபடி அடைக்க.

நான் அடைத்தவை பெர்னியின் வாளியிலிருந்து எடுத்த கூடுகள். அடியில் ஒரு கம்பெனியின் எழுத்து இருக்கும். என் கையில் இருந்த இரண்டிலும் வேறு எழுத்து. நீ வழக்கமாக வாங்குகிற கம்பெனி.

உன் கோட்டுப் பையில் உன் தோட்டாவைக் கொண்டுவந்திருக்கிறாய்.

கூடுகளைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சமைத்தேன், நீ பேசினாய், நான் சிரித்தேன். முதலில் நினைத்தேன், இதில் என்ன தப்பு, புதிதாகக் கற்றவள் அடைத்ததை முகத்துக்கு அருகில் வைத்துச் சுட யாருக்கும் பயம் வரும். பயந்ததற்கு எனக்குக் கோபமே இல்லை. "நெல்டா, பயமா இருக்குடீ" என்று சொல்லியிருந்தால் கிண்டல் செய்துவிட்டு விட்டிருப்பேன். "உன் தோட்டா என்னமா போச்சு" என்றாயே, அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. பத்தொன்பது வருடம் நீ கொடுத்ததை அடியில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் சுட்டவள் நான்.

என் அக்காவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த அக்டோபரில் வரவேண்டாம்.

நெல்டா ஹாகன்

---

வில்லிஸ்டன்
நவம்பர் 17, 2013

நெல்டா,

மறுத்து எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. பெட்டியைத் திறந்தேன், ஒன்றை எடுத்தேன், துப்பாக்கியில் போடப் போனேன், கை போகவில்லை. என் பழக்கம் என்னை ஜெயித்துவிட்டது. உன் முகத்தைப் பார்த்ததும் பொய் தானாக வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஏன் என்று நீ கேட்டால் எனக்கும் தெரியவில்லை.

நேற்று இங்கே மைதானத்துக்குப் போனேன். நீ கொடுத்த பெட்டி முழுவதையும் சுட்டேன். முதல் ஒன்றுக்கு வியர்த்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். எல்லாம் ஒரு உள்ளங்கை அகலத்தில் போய் விழுந்தன. நான் அடைத்து இப்படி விழுந்ததில்லை. இதை மூன்று வாரம் முன் உன் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டும். கூடுகள் எல்லாவற்றையும் பொறுக்கிக் கழுவி வைத்திருக்கிறேன், உன்னுடையவை.

அடுத்த அக்டோபரில் வரமாட்டேன். நீ சொன்னால் சொன்னதுதான்.

டிசம்பரில் வரட்டுமா? அப்போது வேட்டை இல்லை. என்னிடம் தோட்டாவும் இருக்காது, துப்பாக்கியும் இருக்காது. கூடுகளைக் கொடுக்க வந்தேன் என்றும் சொல்லமாட்டேன், அவற்றை முன்னாலேயே தபாலில் அனுப்பிவிடுகிறேன். சும்மா வந்து வாசலில் நிற்கிறேன். என்ன வேலையாக வந்தாய் என்று நீ கேட்டால், ஒரு வேலையும் இல்லை என்று சொல்வேன்.

தினமும் தபால்பெட்டியைப் பார்க்கிறேன்.

கிளைட்