எந்த ஊர் எட்டு மணி

என் அன்புக்குரியவளுக்கு,

நான் நலமாகவே இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு, ஆய்வகத்தில் பல நாட்டு மருத்துவப் பதிவுகளைச் சரிபார்க்கும் இந்த வேலை சிரமமாக இல்லை.

நேற்று ஒரு வேடிக்கை. நோயாளி ஒருவர் இறந்த பிறகும் நான்கு மணி நேரம் அவர் இதயம் துடித்ததாகப் பதிவு காட்டியது. "சார், இது பேய் பிடிச்ச கோப்பு," என்றாள் பக்கத்து மேசைப் பெண். "பேயெல்லாம் இல்லம்மா, ரெண்டு கடிகாரம்," என்றேன். கருவி உலகப் பொதுநேரத்தில் எழுதியிருந்தது. அதற்கு நான்கு மணி நேரம் பின்தங்கிய மேற்கு நாட்டு மருத்துவமனை தன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருந்தது. எந்த ஊர் நேரம் என்று யாரும் குறிக்கவில்லை. குறித்ததும் துடிப்பு உரிய இடத்தில் நின்றுவிட்டது.

அப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை. நம் மகன் இறந்தது இரவு எட்டு மணிக்கு என்று, அவன் வேலை பார்த்த நாட்டு மருத்துவமனை எழுதியது அல்லவா? அந்த நேரத்தில் கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தேனே என்று இன்றுவரை உன்னையே வதைத்துக்கொள்கிறாய். அது நமக்கு முன்னே விடியும் அவன் ஊர் எட்டு மணி. நமக்கு அப்போது மதியம் இரண்டரை. பூமி சுழல்வதைப் பாடம் நடத்திய எனக்கே அது உறைக்கவில்லை.

அன்று இரண்டரை மணிக்கு நீ சிரிக்கவில்லை. நம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து, "யாரோ கதவைத் தட்டுறாங்க, கேக்கலையா?" என்றாய். "யாருமில்ல, உக்காந்து சாப்பிடு," என்றேன்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. கூடவே நாலு வரி எழுதிப் போடு. தபால்காரர் வந்துவிட்டார். இனி யாரோ தட்டுவதுபோல் கேட்டால், நான் சொன்னதை நினைக்காதே; போய்க் கதவைத் திறந்து பார்.

உன்னவன்